கூண்டு வண்டியின் பின்தகடு

உடையார்பாளையம்,
வியாழக்கிழமை.

அன்புத் தம்பி முத்தமிழ்செல்வனுக்கு,

அக்கா ஹேமலதா எழுதிக்கொண்டது. அம்மாவும் நானும் சிவரஞ்சனியும் சௌக்கியம். குவைத்தில் உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க வேண்டும். தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் தொடங்கினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் அழுதுவிடுவேன். மேலத்தெரு மணிவேல் ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வேலை முடிந்து அறைக்கு வந்தபிறகு நிதானமாகப் படி.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. டாக்டர் மாடி ஏறக் கூடாது என்றார். அம்மா வடகம் காயப்போட ஏறத்தான் செய்கிறார். சிவரஞ்சனி பரீட்சை நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள்.

இனி வண்டி விஷயம். நீ போகும்போது லோடு வண்டிக்குப் பின்னால் தகரக் கூண்டு கட்டி, துணி வியாபாரத்துக்கென்று என்னிடம் விட்டுப் போனாய். சிவரஞ்சனி அப்பா இறந்தபிறகு நான் யார் கையையும் எதிர்பார்க்காமல் சந்தை சந்தையாகப் போய்வருவது அதனால்தான். அதை நான் மறக்கவில்லை. நீ சொன்னபடி வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன், கீலுக்கு எண்ணெய் போட்டேன். ஆனால் பின்கதவுக்குக் கீழே பம்பரை ஒட்டி இருக்கும் தகட்டையும் குனிந்து பார் என்று சொல்லியிருந்தாய். அதை ஒருநாளும் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் துடைத்துவிட்டு வண்டி சுத்தமாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

மாசி மாதம் வரதராஜன்பேட்டை சந்தையிலிருந்து திரும்பியபோது நைட்டி மூட்டை ஒன்று காணவில்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் குடம் விற்கும் அறிவரசன்தான் அன்று மூட்டைகளை ஏற்றிக் கொடுத்தவர். மூன்று வருடமாகப் பக்கத்துக் கடை. அப்படியும் எனக்கு அவர்மேல்தான் சந்தேகம் போனது. உன்னிடம் சொன்னேன், நம்பரும் கொடுத்தேன். நீ அங்கிருந்து கூப்பிட்டுத் திட்டினாய். என்ன வார்த்தை சொன்னாய் என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். அடுத்த சந்தையிலிருந்து அவர் என் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

நீ சொல்லித்தான் பின்கதவுக்கு வெளியே ஒரு கொண்டி வைத்தேன். கதவு சாத்தினால் தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும், சாவி போட்டால்தான் திறக்கும்.

பங்குனியில் கல்லங்குறிச்சித் திருவிழாவுக்குக் கடை போட்டிருந்தேன். உச்சி வெயிலில் பாவாடை எடுக்கக் கூண்டுக்குள் ஏறினேன். காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது, கொண்டி விழுந்துவிட்டது. சாவி என் கையில். பூட்டு வெளியே. போன் முன்சீட்டில். நான் தட்டியதும் கத்தியதும் மேளத்திலும் ஒலிபெருக்கியிலும் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. தகரம் கை வைக்க முடியாமல் கொதித்தது. சிவரஞ்சனியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. பிறகு தொண்டை வற்றி, தட்டக்கூட முடியவில்லை.

அறிவரசன் என் கண்ணில் படக் கூடாதென்று தள்ளிப்போய் வண்டிகள் நிற்கிற கடைசியில் கடை விரித்திருந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்தவர் அவர்தான். பூட்டை உடைக்கப் பார்த்தார், முடியவில்லை. கடப்பாரையைக் கீழ்த்தகட்டில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். தகடு அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. அந்தப் பொந்து வழியாக என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்.

கீழே உட்கார்ந்து பார்த்தேன். ஆணி இருந்த இடமெல்லாம் துருப்பிடித்து ஓட்டை. ரப்பர் பட்டையில் சிமெண்ட் லாரிப் புழுதி படிந்து இறுகி, போன மழையெல்லாம் உள்ளே இறங்கியிருக்கிறது. தகட்டின் ஒரு மூலை எப்போதோ விட்டுப்போய், உள்ளிருந்து தள்ளினால் திறந்து தானாக மூடிக்கொள்கிற மாதிரி ஆகியிருந்தது. நம் மூட்டையை யாரும் எடுக்கவில்லை, தம்பி. ஏதோ ஒரு வேகத்தடையில் அதன் வழியாக ரோட்டில் விழுந்திருக்கிறது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "மொதல்ல தண்ணி குடிங்க" என்று அவர் பாட்டிலை நீட்டினார். குடித்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் குடங்களை அடுக்கிக்கொண்டே, "நீங்க சந்தேகப்பட்டதுகூட போவட்டுங்க. ஒங்க தம்பி எங்க தெருவச் சொல்லிப் பேசுனத எம்மவ கேட்டுட்டா. போனு ஸ்பீக்கர்ல இருந்துச்சு" என்றார்.

மறுநாள் வண்டியை ஜெயங்கொண்டத்தில் பழனிவேல் பட்டறையில் விட்டேன். புதுத் தகடு, புது ரப்பர், உள்ளேயிருந்தும் திறக்கிற கைப்பிடி, எல்லாம் போட்டாயிற்று. அங்கிருந்து நேராக அறிவரசன் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவில் நம் வீட்டு ஆட்கள் யாரும் கால் வைத்ததில்லை. அவர் மனைவி சுமதி நாற்காலி போட்டு டீ கொடுத்தார். மகள் நர்சிங் படிக்கிறாள். கதவோரம் வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டார்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உன்னைத் தூண்டிவிட்டவள் நான். அக்காவுக்கு ஒன்று என்றால் உனக்குக் கோபம் வரும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்ட மன்னிப்பு எனக்குத்தான் ஆகும், உன்னுடையதையும் சேர்த்து நான் கேட்க முடியவில்லை. அறிவரசனைப் போனில் கூப்பிடு. அண்ணே என்று கூப்பிடு, உன்னைவிட மூத்தவர். அந்தப் பெண்ணும் பக்கத்தில் இருக்கட்டும் என்று நீயே கேள். அவள் பேச மாட்டாள். பேசாவிட்டாலும் நீ சொல்லி முடி.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. நீ எனக்குத் தம்பி மட்டுமில்லை, என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. ஊருக்கு வந்து இறங்கும்போது யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசுகிறவனாக நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் பாசமுள்ள அக்கா,
ஹேமலதா.