காற்று எழாத காலை

பதிவு 1
2083, காணும் பொங்கல். காலை 6.40
ஆலமுனை அலையாத்திப் பூங்கா, கண்காணிப்புக் கோபுரம்

பதிவு செய்பவர்: யாழிசை, மண் வேதியியல் ஆய்வாளர். ஆண்டுச் சோதனை. உடன் வந்திருப்பவர் படகோட்டி தேசிங்கு.

கடும் பனிமூட்டம். காற்று அறவே இல்லை. கடல் வழக்கத்தைவிட வெகுவாக உள்வாங்கியிருக்கிறது. கால்வாயின் இரு கரையிலும் மூச்சு வேர்கள் சேற்றில் ஆணி அடித்தது போல நிற்கின்றன.

இங்கிருப்பவை விரைவேர்க் கண்டல் மரங்கள். கடல் ஏறத் தொடங்கியபோது ஆய்வகத்தில் உருவாக்கி நட்டவை. கரையோர ஊர்கள் இன்னும் இருக்கின்றன என்றால் இவற்றால்தான். மேலே இலை பச்சையாக இருக்கிறது. சேற்றுக்குள் பழைய வேர்கள் அழுகிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு ஆழத்துக்கு என்று பார்க்கத்தான் வந்தோம்.

பண்டிகைக் கூட்டம் பத்து மணிக்கு மேல் படகுகளில் வரும். அதற்குள் முடித்துவிடலாம்.

பதிவு 2
காலை 8.15

அழுகிய முட்டை நாற்றம். சதுப்பில் இது புதிதல்ல, ஆனால் இன்று கண் எரிகிறது. நீர் வற்ற வற்றச் சேறு கொப்பளிக்கிறது. மேலே அழுத்திக்கொண்டிருந்த தண்ணீர் போனதும், அடியில் தேங்கியிருந்த வாயு வெளியேறுகிறது என்று கணிக்கிறேன். வாயுவை அளக்கும் அளவி படகிலேயே இருக்கிறது. தேசிங்கு எடுத்துவர இறங்கியிருக்கிறார். கைரேடியோவில் கேலி செய்துகொண்டே போகிறார்:

"எங்க வீட்டு மூணு நாள் கருவாட்டுக் கொழம்பே தேவல மேடம்."

பதிவு 3
காலை 8.50

தேசிங்கு இறந்துவிட்டார்.

அவர் கடைசியாகப் பேசியதை அப்படியே எழுதுகிறேன்:

"மீட்டர எடுத்துட்டேன் மேடம். இப்ப நாத்தமே இல்ல. நின்னுபோச்சு."

நாற்றம் நிற்கவில்லை. இந்த வாயு மிகுந்தால் முதலில் மூக்கின் உணர்வைத்தான் கொல்லும். மேலே ஏறுங்கள், மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுங்கள் என்று கத்தினேன். ஏணியில் கை வைத்தார். அப்படியே மடங்கி விழுந்தார்.

மண்குழியில் இறங்குவதற்கென்று கோபுரத்தில் ஒரேயொரு சுவாசக் கருவி உண்டு. அதை மாட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் தட்டுவரை அவரை இழுத்து வர முடிந்தது. நெஞ்சை அழுத்தினேன். நிறுத்தவே மனம் வரவில்லை. சிலிண்டரில் பாதிக் காற்று அங்கேயே போய்விட்டது. அவர் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது.

நேற்று அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. இலையை நான் போதும் போதும் என்று கையால் மறைக்க, விரல் இடுக்கில் பாயசம் ஊற்றிவிட்டுச் சிரித்தார்.

பதிவு 4
காலை 9.10

ஹைட்ரஜன் சல்ஃபைடு. தேசிங்கின் கையிலிருந்து எடுத்துவந்த அளவியின் எல்லையை நீர்மட்டத்தில் தாண்டிவிட்டது. காற்றைவிடக் கனமான வாயு. வீசும் காற்று இல்லாததால் கால்வாய் நெடுகப் போர்வை போலப் படுத்திருக்கிறது. கோபுர உச்சியில் இப்போதைக்குக் குறைவு.

படகுத்துறையைக் கூப்பிட்டேன். கைரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது, கோபுர ரேடியோவோ இரைகிறது. பேசியது:

"ஆலமுனை படகுத்துறை, மெர்லின் பேசுறேன். சொல்லுங்க மேடம்."

"மெர்லின், ஒரு படகும் உள்ள வரக் கூடாது. விஷ வாயு. தேசிங்கு செத்துட்டாரு."

"விட்டு விட்டுக் கேக்குது மேடம். தேசிங்கண்ணனுக்கு என்ன?"

"படகு வரக் கூடாது! படகை நிறுத்து!"

"போட்டு நின்னுபோச்சா? ஐயோ, மொத ட்ரிப்பு அப்பவே கெளம்பிருச்சு மேடம். கூட்டம் தாங்கல, சீக்கிரமே அனுப்பிட்டோம்."

"திருப்பு! அதைத் திருப்பு மெர்லின்!"

"சரிங்க மேடம், பயப்படாதீங்க. ஒங்கள ஏத்திக்க ரெண்டாவது போட்டையும் இப்பவே அனுப்புறேன்."

அதன் பிறகு இரைச்சல்கூட இல்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். செம்பு இணைப்புகள் எல்லாம் வாயு அரித்துக் கறுத்துப் பொரிந்திருக்கின்றன. சுரண்டினேன், கத்தியால், நகத்தால். உயிர் வரவில்லை.

எச்சரிக்கத்தான் கூப்பிட்டேன். இன்னொரு படகை வரவழைத்துவிட்டேன்.

பதிவு 5
காலை 9.40

முதல் படகு தெரிகிறது. இரண்டு தளம், மின்மோட்டார், சத்தமே இல்லை. பதிவு செய்த வழிகாட்டிக் குரல் மட்டும் காடு முழுக்கக் கேட்கிறது: "உங்கள் இடப்பக்கம் நீங்கள் காண்பவை மூச்சு வேர்கள். அமைதி காத்து இயற்கையை ரசியுங்கள்."

கீழ்த்தளத்தில் ஒருவரும் நிற்கவில்லை. ஓட்டுநர் சுக்கான்மேல் கவிழ்ந்திருக்கிறார். படகு தானாகவே வந்து நடைபாலத்துக்கு அப்பால் வேர்களில் மூக்கைச் செருகி நின்றது.

மேல்தளத்தில் ஒரு பெண். ஒலிபெருக்கியில் அவள் குரல்:

"யாராச்சும் இருக்கீங்களா? படம் எடுக்கலாம்னு நான் மட்டும் மேல வந்தேன். கீழ எல்லாரும் அசந்து தூங்குற மாதிரி கெடக்குறாங்க. எம்புள்ளைங்க கீழ இருக்காங்க. நான் எறங்கிப் பாக்குறேன்."

படியில் கால் வைத்தாள். நான் கத்தியது எட்டவில்லை. மேல்சட்டையைக் கழற்றிச் சுழற்றி வீசினேன். என்னைப் பார்த்தாள். நின்றாள்.

சிலிண்டரில் மிஞ்சியிருக்கும் காற்று ஒருத்திக்குக் கொஞ்ச நேரம் வரும். கோபுரத்திலேயே இருந்தால் வெயில் ஏறி, காற்று எழும்வரை நான் பிழைக்கலாம். ஆனால் நான் இங்கே நின்றுகொண்டிருந்தால் அவள் எப்படியும் இறங்கிவிடுவாள். இரண்டாவது படகை எச்சரிக்க அந்த ஒலிபெருக்கியை விட்டால் வேறு வழியும் இல்லை.

போகிறேன்.

பதிவு 6
நேரம் பார்க்கவில்லை. படகின் மேல்தளம்

நடைபாலம் தாண்டிச் சேற்றில் இடுப்பளவு. வந்து சேர்ந்தேன். அவள் பெயர் பர்வீன். விருத்தாசலம். கணவர், இரண்டு பெண் குழந்தைகள். மூவரையும் தாண்டித்தான் மேலே ஏறினேன். சின்னவள் கையில் ஒரு கரும்புத் துண்டு, பாதி கடித்தது.

பர்வீன் என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகமூடியை அவள் முகத்தில் வைத்தேன். தட்டிவிட்டாள். இன்னொரு படகு வருகிறது, அதிலும் குழந்தைகள் இருப்பார்கள் என்றேன். பிறகுதான் வாங்கி மூச்சிழுத்தாள்.

மாற்றி மாற்றி இழுக்கிறோம்.

ஒலிவாங்கி செத்துவிட்டது. பர்வீன் பேசியபோது இருந்தது, இப்போது இல்லை. அதே கறுப்பு. படகின் மின்சங்கு மட்டும் ஊதுகிறது. மேல்தளத்திலும் அளவி ஏறிக்கொண்டே போகிறது. கண் சரியாகத் தெரியவில்லை. எழுத்து எப்படி விழுகிறதோ.

இதை எடுப்பவருக்கு: காற்றில்லாத காலையில், நீர் வற்றும்போது, இந்தக் காட்டுக்குள் வராதீர்கள். நாற்றம் அடித்தால் ஓடுங்கள். மரங்களை வெட்டாதீர்கள், அவை போனால் கடல் வரும். அவை இருந்தால் இது வரும். வேறு என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்க நேரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பதிவு 7

சிலிண்டர் முடிந்தது.

வளைவில் இரண்டாவது படகு. அதன் வழிகாட்டிக் குரல் உரக்க வரவேற்கிறது. எங்கள் தொண்டையில் சத்தம் இல்லை. பர்வீன் சங்கை விடாமல் ஊதுகிறாள். அவர்களும் பதிலுக்கு ஊதுகிறார்கள். ஊதல் ஓய்ந்ததும் சிரிப்பு கேட்கிறது.

போங்கள் போங்கள் என்று நாங்கள் கையை வீச

எல்லாரும் கையசைக்கிறார்கள்