தாளிக்கக் கூடாத சமையலறை

சின்ன காஞ்சிபுரம்
12.6.2024

அன்புத் தங்கை அபிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தையும் மாப்பிள்ளை நலத்தையும் கேட்கிறேன். இந்தக் காலத்தில் கடுதாசியா என்று சிரிக்காதே. நீ சமையலறைச் சுவரை இடித்த பிறகு நான் போனில் முணுமுணுத்தாலும் கூடத்தில் இருக்கும் அத்தைக்குக் கேட்கிறது. மாமியாரைப் பற்றி மாமியார் காதுபடவா பேச முடியும்? நீயும் தபாலிலேயே எழுது. வாட்ஸ்அப்பில் போட்டால் உன் மாமா எடுத்துப் படித்துவிடுவார்.

நீ போட்டுக்கொடுத்த சமையலறையைத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வெள்ளை அலமாரி, தானாக மூடிக்கொள்ளும் டிராயர், நடுவில் கறுப்புக் கல் மேடை, உயரமான நாற்காலி. முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்களை உன் மாமா அங்கேதான் உட்கார வைத்து, காபி கொடுத்து, அப்படியே தறியையும் காட்டுகிறார். எல்லாம் சரி, அங்கே சமைக்கத்தான் முடியவில்லை.

தறிக்கும் அடுப்புக்கும் நடுவே இருக்கிற சுவரை விட்டுவிடு என்று அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். புகையைச் சிம்னி இழுத்துவிடும் அக்கா என்றாய். இழுக்கிறது. இழுத்த எண்ணெயைப் பழுப்பாகச் சாம்பாரிலேயே சொட்டவும் சொட்டுகிறது. சர்க்கரை டிராயரைத் திறந்தால் கரப்பான் குடும்பம் நடத்துகிறது. போன மாதம் மகளுக்குப் புடவை எடுக்க வந்த ஓர் அம்மாள், தறியிலிருந்து அறுத்த புதுப் பட்டை முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிட்டார். வடகம் தாளித்த வாசம். அவர்கள் போனதும் உன் மாமா சொன்னார்: "தறியில பட்டு இருக்குற வரைக்கும் இங்க தாளிக்காத. பின்னால போய் செஞ்சிக்கோ."

நெசவுக்காரர் வீட்டுத் தறியில் பட்டு எப்போதடி இல்லாமல் இருக்கும்?

பின்னால் என்றால் கக்கூஸை ஒட்டின தகரக் கொட்டகை. பினாயில் நெடியில் ரசம் கொதிக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் ஊற்றுகிற சத்தம், இந்தப் பக்கம் நான் சோறு வடிக்கிறேன். அதைப் பீங்கான் கிண்ணத்தில் மாற்றிக் கறுப்புக் கல் மேல் வைத்துப் பரிமாறுகிறேன். நான் மட்டும் அதைத் தொடுவதில்லை. மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

பழையபடி ஒரு சுவர், ஒரு கதவு, அது போதும். நீ சொன்னால் உன் மாமா கேட்பார். சொல்லடி.

உன் அக்கா,
கலையரசி


சென்னை
24.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அபி எழுதுவது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன், கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே.

சிம்னி ஃபில்டரை அடிக்கடி கழுவச் சொன்னேனே, கழுவினாயா? கரப்பானுக்கு ஜெல் விற்கிறது, மூலையில் வை. இதற்கெல்லாம் போய் மனசை விடலாமா?

ஒரு நல்ல செய்தி. உன் கிச்சன் படங்களை என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருந்தேன் இல்லையா, அதைப் பார்த்து ஒரு பத்திரிகையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் வந்து படம் எடுப்பார்கள். தறி தெரிகிற மாதிரி எடுக்க வேண்டுமாம். நீ அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, மேடை அருகே நின்று காபி ஊற்றினால் போதும். இந்த இன்டீரியர் தொழில் ஆரம்பித்ததிலிருந்து நான் காத்திருந்தது இதற்காகத்தான் அக்கா. அதனால் இப்போதைக்குச் சுவர் பேச்சே வேண்டாம். அவர்கள் வந்துவிட்டுப் போகட்டும், பிறகு பார்க்கலாம்.

பின்பக்கம் சமைப்பதை ஏன் குறைவாக நினைக்கிறாய்? பெரிய வீடுகளில் எல்லாம் இப்போது இரண்டு கிச்சன். ஒன்று பார்க்க, ஒன்று சமைக்க. மாமா இதை முதலிலேயே யோசித்துச் சொன்னார். அதனால்தான் சுவரை இடிப்பதற்கு முன்பே கொட்டகைக்குத் தண்ணீர்க் குழாயும் அடுப்புத் திட்டும் பிளானில் போட்டுவிட்டேன். இல்லாவிட்டால் இந்நேரம் நீ குடம் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பாய். உன் தங்கை அந்த அளவுக்கா உன்னை விட்டுவிடுவாள்?

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
அபிநயா


சென்னை
6.8.2024

அக்கா,

என் கடிதத்துக்குப் பதில் போடாதபோதே யோசித்திருக்க வேண்டும். நேற்றுப் பத்திரிகைக்காரர்கள் உன் வீட்டு வாசலிலிருந்து போன் செய்தார்கள். தறிக்கும் கிச்சனுக்கும் நடுவே பூசாத செங்கல் சுவர் நிற்கிறதாம். கேமராவைத் திறக்காமலே திரும்பிவிட்டார்கள். மாமா என் போனை எடுக்க மாட்டேன் என்கிறார். என் பெயர் என்ன ஆவது? ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம்.

அபி


சின்ன காஞ்சிபுரம்
11.8.2024

அபிநயாவுக்கு,

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். நீ என்னிடம் கேட்டாயா?

கொட்டகையில் நீ போட்ட குழாயை நான் துணி துவைக்க என்று நினைத்தேன். "என் தங்கச்சி கேக்காமயே வெச்சிக் குடுத்துட்டா" என்று பக்கத்து வீட்டிலெல்லாம் பெருமை பேசினேன். சிம்னி இழுத்துவிடும் என்று என்னிடம் சொன்ன அன்றைக்கே நான் எங்கே நின்று வேகப்போகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

உன் மாமாவுக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அவரை எனக்குத் தெரியும். ஆனால் நீ அந்த இடத்தில் நின்று அளவு எடுத்தவள். அந்த நாற்றம் உன் மூக்கிலும் ஏறியிருக்கும். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டுதானே எனக்கு அடுப்புத் திட்டு குறித்திருப்பாய்? சீ. கக்கூஸ் நாற்றம்கூடப் பழகிவிடும். இது பழகவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நிஜமாகவே வாந்தி எடுத்தேன்.

உடனே சுவர் எழுப்பியிருப்பேன். செங்கல் தூசி பட்டில் விழுந்தால் சேதம் எங்கள் வயிற்றுக்குத்தான் என்பதால் பொறுத்திருந்தேன். ஆடியில் தறியில் பூட்டியிருந்த பழைய பாவு நூல் தீர்ந்து கடைசிப் புடவையையும் அறுத்தார்கள். புதுப் பாவின் இழைகளைப் பிணைக்க ஆள் வருவதற்குள் தறி வெறுமனே கிடந்தது. உன் மாமா தென்னேரிக்கு ஒரு முகூர்த்தப் பட்டு ஆர்டர் பேசப் போயிருந்தார். கொத்தனார் வீரபாகுவைக் கூப்பிட்டேன். பொழுது சாய்வதற்குள் சுவர் எழும்பிவிட்டது, கதவுக்கு இடம் விட்டு.

வந்து பார்த்தவர் கத்திய கத்தலைத் தெருவே கேட்டது. அம்மாவாவது சொல்லட்டும் என்று அத்தை பக்கம் திரும்பினார். அத்தை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஈரச் சுவர் மேல் ஊற்றினார்.

"நானும் அந்தச் சோத்தத்தான் துன்னுக்கினு இருந்தேன்டா மாணிக்கம்," என்றார். "நாறுதுன்னு சொன்னா இவ மனசு நோவும்னு முழுங்கினேன். நாளைக்கு அந்தத் தறிப் பக்கம் பூசச் சொல்லு."

இந்த மனுஷி காதுக்குப் பயந்துதான் உனக்குக் கடுதாசி எழுதிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரியே உள்ளே வடகம் தாளித்தேன். அத்தையும் நானும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

சுவர் வந்துவிட்டது, இனி போனிலேயே பேசலாம். உன்னோடு பேசப் பிடிக்கவில்லை.

பிள்ளையார் சதுர்த்திக்கு வா. முன்வாசலில் வராதே, சந்து வழியாகப் பின்பக்கம் வா. நீ குறித்துக் கொடுத்த இடத்தில் உனக்கு இலை போட்டு வைக்கிறேன். வத்தக்குழம்பு, அப்பளம், கொழுக்கட்டை, எல்லாம் உனக்குப் பிடித்ததாகவே செய்கிறேன். அங்கே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுப் பார். சாப்பிட முடிந்தால் வந்த சந்து வழியாகவே ஊருக்குப் போய்விடு.

தொண்டையில் இறங்காவிட்டால் எழுந்து உள்ளே வா. கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பேன்.

கலையரசி