தேறாததற்கு வைக்கும் சிவப்புப் புள்ளி

மார்ச் 3, திங்கள்

நியூயார்க்கிலிருந்து பனியன் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒரு பனியனை நூற்றுப்பத்து டாலருக்கு விற்கிறவர்கள். நாங்கள் செய்கிற சாவிச் சங்கிலியில் — இடுப்பில் மாட்டிக்கொண்டு, இழுத்தால் நீண்டு, விட்டால் டப்பென்று சுருண்டு உள்ளே போகுமே, அதில் — தங்கள் பெயரைப் போட்டு ஆறாயிரம் விற்கப்போகிறார்களாம். டிரெவர் என்று ஒரு வடிவமைப்பாளர். அவர் இடுப்பிலும் ஒன்று தொங்கியது. சாவி ஒன்றுகூட இல்லை.

மார்ச் 6

ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டுமாம். விளம்பரப் படத்தில் சங்கிலி தொங்கினால்தான் அழகாம். தொங்குவதற்கு எதற்கு ஸ்பிரிங்? கயிறு போதாதா?

மேலாளர் டுவேன் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த ஆர்டர் போச்சுன்னா உங்க பிரிவை மூடிடுவாங்க, மரிசேலா. பதினோரு பேரு. கண்டுக்காம பாஸ் போட்டுடுங்க."

பதினோரு பேரில் நானும் ஒருத்தி. பத்தொன்பது வருஷமாகப் பரிசோதனை மேசையில். எனக்குத் தெரியாதா?

மார்ச் 11

தளர்ந்த ஸ்பிரிங் போட்ட மாதிரி பன்னிரண்டு என் மேசைக்கு வந்தது. சாவிக்கொத்தை மாட்டி இழுத்து விட்டேன். ஒன்றுகூட முழுசாகத் திரும்பவில்லை. பன்னிரண்டின் முதுகிலும் சிவப்புப் பெயின்ட் புள்ளி வைத்தேன். தேறாததற்கு வைக்கிற புள்ளி. 'தேறவில்லை' என்று சீட்டும் எழுதி நியூயார்க்குக்கே அனுப்பிவிட்டேன்.

டுவேன் கத்தினார். பக்கத்து மேசை லூப்பே அழுதாள். "உன் நேர்மையா என் புள்ளைங்களுக்குச் சோறு போடும்?"

ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏன்டி இப்படிச் செஞ்சே? உனக்கென்ன வந்துச்சு?

மார்ச் 12

சாப்பாட்டு மேசையில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

மார்ச் 14

டிரெவர் போனில். டுவேன் ஸ்பீக்கரில் போட்டார். எல்லோரும் சுற்றி நின்றோம்.

"அந்தச் சிவப்புப் புள்ளி யாரோட ஐடியா? செம! ஆறாயிரத்துலயும் வையுங்க. கையாலதான் வைக்கணும்."

சீட்டை மனுஷன் படிக்கவே இல்லை! லூப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் துணிச்சல் வந்தது.

"தளர்ந்த ஸ்பிரிங் வச்சா பெயின்ட் ஒட்டாதுங்க. பழைய ஸ்பிரிங்தான் போடணும்."

"அப்படியா? சரி, சரி."

நம்பிவிட்டார். இந்த மூளைக்குத்தான் நூற்றுப்பத்து டாலர்.

மார்ச் 31

வேலை தொடங்கியது. பதினோரு பேரும் வந்திருந்தோம். லூப்பே எனக்கென்று சோள மாவில் அவித்த தமாலே கொண்டுவந்தாள்.

இழுத்தேன், விட்டேன், டப்பென்று போனது. நல்ல சாமான். புள்ளி வைத்தேன். முதல் பத்துக்குக் கை கூசியது. மத்தியானத்துக்குமேல் கூசவில்லை.

நாலு மணிக்கு ஒன்று பாதியிலேயே நின்றுவிட்டது. நிஜமான பழுது. பழக்கத்தில் தூரிகையை எடுத்துவிட்டேன். அப்புறம் அதை எப்படி அடையாளம் வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.