பத்தாவது கேஸ் ஷீட்

அன்பு மகள் மைனாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீ நலமாக இருக்க வேண்டும், இப்போது எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் உடைந்துபோவேன், அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

போன விடுமுறைக்கு வந்தபோது, வாய் அறுவைப் பயிற்சிக்குப் பத்து பேருடைய வாயைப் பார்த்து எழுதிய கேஸ் ஷீட் வேண்டும், ஒன்பதுதான் ஆயிற்று என்று புலம்பினாயே, நினைவிருக்கிறதா? கிளம்புகிற அன்று சாப்பாட்டு மேசையில் என்னை உட்காரவைத்து, அப்பா, ஆ காட்டுங்க, மூணு விரலை ஒண்ணா வாய்க்குள்ள விடுங்க, வாய் சரியாத் திறக்குதான்னு பாக்கணும் என்று டார்ச்சும் கையுமாக நின்றாய். நான் உன்னைப் பல் டாக்டரம்மா என்று கேலி பண்ணி, எல்லாம் நார்மல்னு போட்டுக்கோ, பஸ் போயிடும் என்று விரட்டினேன். நீயும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாய், உங்கள் பேராசிரியரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கே எனக்கு இரண்டு விரல்தான் போகும். இடது கன்னத்துக்குள் புண் இருந்தது. தையல்காரன் நாளெல்லாம் குண்டூசியை வாயில் கவ்வுகிறவன், குத்தியிருக்கும் என்று இருந்துவிட்டேன், உன் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை.

இப்போது ஒரு விரல் போவதே பெரும்பாடு. சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்கிறார்கள், தாடை எலும்பு வரை போய்விட்டதாம். வருகிற பதினெட்டாம் தேதி இடப்பக்கத் தாடையை எடுத்துவிட்டுக் என் காலெலும்பில் ஒரு துண்டை அங்கே வைத்துக் கட்டப் போகிறார்கள். நேற்று பெரிய டாக்டர் என் வாயை மாணவர்களுக்குக் காட்டினார், சுற்றிலும் எட்டு பேர், எல்லாம் உன் வயசு. ஒரு பெண் குனிந்து, எத்தனை நாளா இருக்குங்க என்று கேட்டாள். உன் நினைவு வந்து அழுதுவிட்டேன். வலிக்கிறது என்று நினைத்து அவள் பயந்துபோனாள். கடையைப் பூட்டியாயிற்று, பாதி தைத்த சட்டைகளை அவரவரிடம் கொடுத்தாயிற்று. உன் அம்மா சாப்பாட்டைக் குழைத்து என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாள். பிழைத்துவிடுவேன் என்று எழுத ஆசைதான், ஆனால் எனக்கே நம்பிக்கை இல்லை, உன்னிடம் ஒருமுறை பொய் சொன்னது போதும்.

இதைப் படித்ததும் நீ அந்தத் தாளைத்தான் தேடுவாய், இனி யார் வாயையும் தொட மாட்டேன் என்பாய், எனக்குத் தெரியும். பார்க்காமல் எழுதியது உன் தப்புதான், இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். ஆனால் பார்க்கவிடாதவன் நான், என் தப்புதான் பெரியது. உன் படிப்பும் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது மைனா.

நல்லபடியாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. மறக்காமல் பதினெட்டுக்கு முன்னால் ஒரு தடவை போன் பண்ணு. அதற்குப் பிறகு என் பேச்சு எப்படி வருமோ தெரியாது. நீ எதுவும் சொல்ல வேண்டாம், நான் உன்னை மைனா என்று கூப்பிடுகிறேன், பதிவு பண்ணி வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பத்தாவது நோயாளி,
அப்பா