நான்காவது பாட்டு

நாகல் நகர், திண்டுக்கல்
14.3.2004

அன்புள்ள செல்விக்கு,

“அண்ணின்னு எழுதுடி, மரியாதை வேணாமா?” என்று அம்மா முதுகுக்குப் பின்னால் நின்று சத்தம் போடுகிறார். ஏழு வருடம் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை எப்படி அண்ணி என்பது? என் அண்ணனைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் போனது உன் குற்றம், என் குற்றமில்லை.

நீ, அண்ணன், யாழினிக்குட்டி மூவரும் சுகம்தானே? இங்கே பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். மற்றபடி நலம்.

அண்ணன் அனுப்பிய சி.டி. வந்துவிட்டது. பாடகன் ‘கொடுக்கு’வின் புது ஆல்பம், ‘தனி ஆளு’! எங்கள் கேசட்டுக் கடையில் போட்ட நாளிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மூன்று பேர் குழுவில் நடுவே நின்று காதல் பாட்டாய்ப் பாடி இழைந்தவனா இவன்? அந்தப் பாட்டுக்கெல்லாம் நாம் நோட்டுப் போட்டு வரிகள் எழுதினோமே, அவனா? இப்போது உறுமியை அடியில் போட்டு, மேலே மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போகிறான். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “செம்பட்டி, வத்தலக்குண்டு, பெரியகுளம்னு முப்பது வருசம் நான் கூவுனதத்தான இவனும் கூவுறான்? நான் கண்டக்டரா இருந்தேன், இவன் பாடகனாயிட்டான்” என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மலேசியாவில் வானொலியில் போட மறுத்துவிட்டார்களாமே? மாதர் சங்கத்தினர் சி.டி.யை உடைத்தார்களாமே? விவாகரத்தான மனைவியின் பெயரைச் சொல்லியே பாடியிருக்கிறான் என்றுதானே கோபம்? எனக்கு என்னவோ அந்த நான்காவது பாட்டு ‘அடங்கு’தான் ஆல்பத்திலேயே உயிருள்ள பாட்டு என்று தோன்றுகிறது. மற்ற எட்டும் சாமர்த்தியம். இது ஒன்றுதான் வெறி.

கடைக் கண்ணாடியில் வாராவாரம் நான் அபிப்பிராயம் எழுதி ஒட்டுவேன் இல்லையா, அதில் அப்படியே எழுதிவிட்டேன். ‘பயப்படாமல் கேளுங்கள், கோபத்தையும் பாட்டாக்கலாம் என்று காட்டியிருக்கிறான்.’ கடை முதலாளி ராயப்பராஜ் அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். பாலிடெக்னிக் பையன்கள் கடை வாசலில் மொய்க்கிறார்கள். அண்ணனுக்கும் இதைத் தனியாக எழுதியிருக்கிறேன்.

நீ எப்படிக் கேட்டாய்? எழுது.

ஆசை மறவா,
இளவேனில்


ஈசூன், சிங்கப்பூர்
29.3.2004

அன்பு வேனில்,

உன் கடிதம் வந்தது. யாழினி ஸ்டாம்பைப் பிய்த்துத் தன் கையில் ஒட்டிக்கொண்டாள். அவளுக்கு இப்போது வார்த்தைகள் வேகமாக வருகின்றன. அத்தை படத்தைக் காட்டினால் “வேனி” என்கிறாள்.

மாமா சொன்னதைப் படித்து நானும் சிரித்தேன். மாமாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

அந்த ஆல்பத்தை நானும் கேட்டேன். உன்னைவிட அதிகமாகவே கேட்டிருப்பேன். வீட்டில் அதுதான் ஓடுகிறது, முக்கியமாக நான்காவது பாட்டு. நீ தாளத்தைக் கேட்கிறாய், வேனில். எப்போதும் அப்படித்தான், நோட்டில் வரிகளை எழுதுவது நானாகவும் மேசையில் தட்டுவது நீயாகவும் இருப்போம். ஒருநாள் உறுமியை மறந்துவிட்டு வெறும் வரிகளை மட்டும் வாசித்துப் பார். அந்தப் பெண் எங்கேயாவது ஒரு வார்த்தை பேசுகிறாளா என்று பார்.

யாழினி நேற்றுப் பொம்மையைச் சுவரோடு நிறுத்தி வைத்து “அடங்கு, அடங்கு” என்றாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

கண்ணாடியில் ஒட்டியதை எடுத்துவிட்டால் நல்லது. கட்டாயமில்லை.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
செல்வி


திண்டுக்கல்
9.4.2004

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் எனக்கு வருத்தமாக இருந்தது. மறைக்க மனமில்லை, எழுதிவிடுகிறேன்.

நீ இப்படிப் பேசுவாய் என்று நான் நினைக்கவில்லை. கல்யாணமாகி மூன்று வருடத்தில் அந்த மாதர் சங்கத்தில் சேர்ந்துவிட்டாயா? அவன் வேஷம் கட்டிப் பாடுகிறான். நாடகத்தில் ராவணன் வேஷம் போட்டவனைக் கீழே இறங்கியதும் அடிப்பார்களா? ஒரு மனிதன் தன் மனதில் இருக்கிற அழுக்கையெல்லாம் கொட்டுகிறான். அதைக் கேட்டு நாம் கெட்டுப்போய்விடுவோமா? இத்தனை நாள் கேட்கிறேன், நான் யாரையாவது அடித்தேனா?

அண்ணன் அந்தப் பாட்டை விளையாட்டுக்குப் போடுவான். சின்ன வயதில் என் சடையைக் கதவில் கட்டிவிட்டு வெளியே நின்று சிரிப்பான், அம்புட்டுத்தான் அவன். நீ எதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்வாய் என்பது எனக்குத் தெரியாதா?

பஸ் ஸ்டாப்பில் பையன்கள் கல்லூரிப் பெண்களைப் பார்த்து அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள் என்று ஒருவர் கடைக்கே வந்து சண்டை போட்டார். அதற்கும் பாட்டா பொறுப்பு? ஒட்டியதை எடுக்கமாட்டேன்.

எனக்கு இங்கே எதுவும் பிடிக்கவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். “ஏனுங்க, பொண்ணு கேசட்டுக் கடையிலயா வேலை பாக்குது?” என்று மூன்று தடவை கேட்டார்கள். ரேடியோ நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டுப் பதிலில்லை. பாட்டு ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. அதையும் நீ பிடுங்கப் பார்க்காதே.

கோபத்தோடு, ஆனால் அன்போடும்,
இளவேனில்


சிங்கப்பூர்
25.4.2004

வேனில்,

இந்தக் கடிதத்துக்கு வீட்டு முகவரிக்குப் பதில் போடாதே. கடிதங்களை அவர்தான் பிரிக்கிறார். எழுதுவதானால் ஜெய்தூன் பீவி அக்கா பெயருக்கு எழுது. கீழே சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறவர், கீழக்கரைக்காரர். முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். எனக்கும் இதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை.

நாங்கள் இருப்பது ஒரு வீட்டின் ஓர் அறை. அடுத்த அறையில் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ். உன் அண்ணன் என்னை அடிக்கும்போது அந்தப் பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவைப்பார். என் குரல் அவளுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. முதல் தடவை அடித்தது ஜனவரியில். பிறகு மாதம் இரண்டு தடவை, சில மாதம் மூன்று. ஏப்ரல் பதினெட்டாம் தேதி அடித்தது, செம்பட்டியில் அம்மாவோடு ஃபோன் பேசக் கார்டு கேட்டதற்கு. இடது காதில் இன்னும் இரைச்சல் இருக்கிறது. இப்போதெல்லாம் அந்த உறுமி ஆரம்பித்தாலே யாழினி கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

மார்ச்சில் நீ அவருக்குத் தனியாக எழுதிய கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். “பாத்தியா, எந்தங்கச்சியும் பொம்பளப் பிள்ளைதான். அவளுக்குப் புரியுது. ஒனக்குத்தான் புரியல” என்றார். இரண்டு தடவை வாசித்தார்.

உன்மேல் கோபமில்லை. உனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

செல்வி


திண்டுக்கல்
8.5.2004

செல்வி,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று கடையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நான்காவது பாட்டை வரி வரியாக நிறுத்தி எழுதினேன். நீ சொன்னது சரி. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதி முடித்ததும் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தேன். ராயப்பராஜ் அண்ணாச்சி, “ஏம்மா, நல்லாத்தான ஓடுது?” என்றார். “அதான் அண்ணாச்சி எடுக்கேன்” என்றேன்.

ஆனால் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். என்னால் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மே இரண்டாம் தேதி, அண்ணன் ஃபோன் செய்தான். அம்மா பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார். எடுத்த எடுப்பிலேயே “செல்விய அடிக்கிறியா?” என்று கேட்டுவிட்டேன்.

“ஆமா, ஒண்ணு ரெண்டு வப்பேன். பொண்டாட்டிய அடிக்க உங்கிட்ட பெர்மிஷன் வாங்கணுமா? யாரு சொன்னா? லெட்டரு போட்டாளா?” என்றான். நான் இல்லை இல்லை என்று கத்தினேன். வைத்துவிட்டான்.

அம்மாவிடம் சொன்னேன். “ஆம்பளைக்குக் கோவம் வரத்தான் செய்யும். நீ குடும்பத்தக் கலைக்காத” என்றார். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

நான் கேட்டதால் உனக்கு என்ன ஆயிற்று? ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

இளவேனில்


செம்பட்டி
19.6.2004

இளவேனில்,

முகவரியைப் பார்த்துத் திகைத்திருப்பாய். நானும் யாழினியும் அம்மா வீட்டுக்கு வந்து பதினோரு நாளாகிறது. பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் உன் முன்னால் நிற்கலாம். நிற்க மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ ஃபோனில் கேட்டாய். வைத்த கையோடு அவர் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அன்று பாட்டுப் போட மறந்துவிட்டார், அல்லது அவ்வளவு கோபம். என் குரல் அந்த மாடி முழுக்கக் கேட்டது. நர்ஸ் கதவை இடித்தாள், கீழேயிருந்து ஜெய்தூன் பீவி அக்கா கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். “தொறங்க தம்பி, இல்லாட்டி போலீசக் கூப்பிடுவேன்” என்று அவர் நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு மாதம் அக்கா வீட்டில் இருந்தோம். உன் அண்ணனிடமிருந்து என் பாஸ்போர்ட்டை அக்காவே வாங்கிக் கொடுத்து விமானம் ஏற்றிவிட்டார்.

உனக்கு நன்றி சொல்வதா திட்டுவதா என்று தெரியவில்லை. அன்று இரவு நான் செத்திருக்கலாம். நீ கேட்டிருக்காவிட்டால் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன். இரண்டும் உண்மை.

திண்டுக்கல்லில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். புகார் கொடுக்கப் போகிறேன். ஏப்ரல் கடிதத்தில் தேதியோடு எழுதியிருந்தேனே, அது உன்னிடம் இருந்தால் வேண்டும். அது உன் அண்ணனுக்கு எதிரான கடிதம். கொடுக்க முடியாவிட்டால் முடியாது என்று எழுதிவிடு, நான் புரிந்துகொள்வேன். மௌனமாக மட்டும் இருக்காதே. சமாதானம் பேச அத்தையைக் கூட்டிக்கொண்டும் வராதே.

அறிவுச்செல்வி


திண்டுக்கல்
24.6.2004

அன்புள்ள செல்விக்கு,

ஏப்ரல் கடிதம் இல்லை. உன் கடிதம் வந்ததைப் பார்த்த அம்மா, நான் கடைக்குப் போயிருந்தபோது என் பெட்டியைக் கிளறி எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார். திரும்பி வந்து கேட்டேன். “எம்மகன் ஜெயிலுக்குப் போறத நான் கண்ணால பாக்கணுமா?” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. அவன் என்னோடு கூடப் பிறந்தவன், செல்வி. எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவன். இரண்டு நாளாக இதையே நினைத்து மாடிக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். ஃபோனில் கேட்டதற்கு மட்டுமல்ல. நீ மார்ச்சில் சொல்லவந்தபோது நான் காது கொடுக்கவில்லையே, அதற்கு. உனக்கு ஒன்றைச் சொன்னால் வெறுப்பாய் இருக்கும். அந்தப் பாட்டின் தாளம் கேட்டால் இன்றைக்கும் என் விரல் தானாகத் தட்டுகிறது. அந்தக் கொடுக்கு கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எதற்குச் செலவழித்தான் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால்தான் அது அபிப்பிராயம். நான் எழுதியது பாதி.

கடிதம் போனால் போகட்டும். அதில் இருந்தது நீ எழுதியது. மே இரண்டாம் தேதி ஃபோனில் அண்ணன் ஒப்புக்கொண்டதை நான் என் காதால் கேட்டேன். வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. நேற்று அப்பாவிடம், “நான் சாட்சி சொல்லப் போறேன்ப்பா” என்றேன். அம்மா உள்ளேயிருந்து “நீ போனா இந்த வாசப்படி ஏறாத” என்றார். அப்பா, “காலையில எட்டரை வண்டியில கூட்டம் இருக்காது. நானும் வாரேன்” என்றார்.

சனிக்கிழமை இருவரும் வருகிறோம். சமாதானம் பேச இல்லை. நீ வீட்டுக்குள் விடாவிட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருக்கிறோம், அங்கிருந்து வக்கீலம்மாவிடம் போகலாம். அவரிடம் இன்றே சொல்லிவிடு: சாட்சி, பெருமாள்சாமி மகள் இளவேனில், வயது இருபத்தாறு, எதிரியின் உடன்பிறந்த தங்கை.

இப்படிக்கு,
இளவேனில்