மச்சானின் துவக்குக்கு ஒரு சோங்கு

21.10.96, திங்கள்

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முதலே தெரியும். மச்சான் அன்புராசா தன் வேட்டைத் துவக்கை இங்கே கொண்டுவந்த அன்றைக்கே, "இந்தச் சோங்கு கனநாள் தாங்காது" என்று சொன்னேன். (பிற்காலத்தில் இந்தக் கொப்பியைப் படிப்பவர்களுக்காக: சோங்கு என்பது துவக்கை, அதாவது துப்பாக்கியை, தோளோடு அணைக்கிற பின்பக்கக் கட்டை.) நான் அப்படிச் சொல்லவேயில்லை என்கிறாள் அவனுடைய அக்கா, என் மனைவி அருள்நாயகி. அவள் எதைத்தான் காதில் வாங்கினாள்?

நேற்று ஆயுதபூசை. காருக்குக்கூடச் சந்தனப் பொட்டு வைத்தேன். எல்லாம் திறமாக முடிந்தது. பின்னேரம் சோங்கு வெடித்துவிட்டது. ஐம்பது வருட மரம், கனடா ஹீற்றர் காய்ச்சல் தாங்குமா? அலுமாரிக்குள் இருந்தபடியே நெடுகப் பிளந்துவிட்டது. சத்தம் பக்கத்து வீட்டுச் சீனக்காரருக்கும் கேட்டிருக்கும்.

அன்பு ரூஜ் பக்கம் வாங்கிய புதுவீட்டுக்குச் சாமான் ஏற்றி இறக்கி முடியும்வரை பூட்டி வைக்கத் தந்த துவக்கு. எங்கள் மில்லிக்கன் பகுதியிலேயே துவக்கு லைசன்ஸ் எடுத்த முதல் தமிழன் நான்தானே. (சோதனை இரண்டு தரம் எழுதினேன். முதல் தரம் பழகுவதற்கு.) வருகிற நாலாம் திகதி மான் வேட்டை தொடங்குகிறது. ஐந்து வருடமாக, "அத்தான், அடுத்த வருசம் பாப்பம்" என்று கடத்தியவன் இம்முறைதான் என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான். இந்தக் கோலத்தில் துவக்கைக் கொடுத்தால்? வேட்டை போச்சு. என்ரை மானமும் போச்சு. வேலையிடத்தில் முழுப்பேருக்கும் சொல்லிப்போட்டனே!

22.10.96

பசை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல்கள் நன்றாக ஒட்டின.

24.10.96, வியாழன்

கடைக்குக் கடை போன் எடுத்தேன். புது வோல்நட் மரத்தில் முழுக்கட்டை வேண்டுமென்றால் அந்த விலைக்கு இன்னொரு துவக்கே வாங்கலாம். கறுப்புப் பிளாஸ்டிக் மலிவு. மழைக்கு ஊறாது, வெயிலுக்கு வெடிக்காது. கடைப் புத்தகத்தில் படத்தைக் காட்டினேன். அருள்நாயகி பார்த்துவிட்டு, "உது மீன் வெட்டுற கத்தியின்ரை பிடி மாதிரியெல்லே கிடக்கு? தம்பி ஒரு பார்வையிலை கண்டுபிடிச்சிடுவான்" என்றாள்.

இது பழைய ஆமித் துவக்கு; குழலுக்குக் கீழே வருகிற முன்கட்டை வேறு, சோங்கு வேறு. சோங்கை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒரு கடைக்காரன் சொன்னான். எனக்குத் தெரியாததா? அவன் வாயால் வரட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

26.10.96, சனி

ஒறிலியாப் பக்கம், பனிச்சறுக்கு மண்டபம் ஒன்றில் துவக்குச் சந்தை. அருள்நாயகியும் வந்தாள், என் வாயைக் காவல் காக்க.

ஒரு கிழவனின் மேசைக்கடியில் பெட்டி நிறையப் பழைய சோங்குகள். முப்பத்தைந்து டொலர். வன்னியில் நான் ஒரே வெடியில் சிறுத்தையை விழுத்திய கதையைச் சொன்னேன். கிழவன் அசையவில்லை. "உன் உயரம் என்ன?" என்று மட்டும் கேட்டான். ஐந்தடி எட்டு என்றேன். அருள்நாயகி இருமினாள். கிழவன் என் கையைப் பார்த்துவிட்டு, இது மூன்று நாலு நீளத்தில் வரும் என்று சொல்லி, கட்டையான, நீளம் குறைந்த ஒன்றைத் தெரிவுசெய்து தந்தான். தோளில் வைத்தேன். என்னோடு கூடப் பிறந்தது போல இருந்தது!

முன்கட்டையைக் கழற்றாமல் உள்ளே இருக்கும் நீள ஆணியைத் திருகினால் முன்கட்டையும் வெடிக்கும் என்றான். "தெரியும்" என்றேன். காருக்குள் வந்தவுடன் மறக்காமல் எழுதி வைத்தேன்.

27.10.96, ஞாயிறு

சோங்கைத் துவக்கில் பூட்டியாச்சு. அச்சொட்டாகப் பொருந்தியது. சுவாமிப் படத்துக்கு முன்னால் ஒரு தரம் குறிவைத்தேன்.

அருள்நாயகி வாசலில் நின்று பார்த்தாள். "வடிவாத்தான் கிடக்கு. ஆனா தம்பி ஆறடி ஆளெல்லே?"

கடவுளே. துவக்கு ஆரின்ரை? அளவு பார்த்த கை ஆரின்ரை? இதை அவன் தோளில் வைத்தால் பெருவிரல் மூக்கில் அல்லவா இடிக்கும்!

29.10.96, செவ்வாய்

வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுக் சந்தைக்காரரிடம் விலாசம் கேட்டுக் கிழவனின் வீட்டுக்கே காரில் ஓடினேன். இரண்டு மணித்தியாலம், முழுக்க மழை. "துவக்குக்காரன் திடீரென்று வளர்ந்துவிட்டான்" என்றேன். கிழவன் சிரிக்கவில்லை, பெரிய மனிதன். நீளமானதை எடுத்துத் தந்தான், காசு கேட்கவில்லை. ஒரு போத்தல் எண்ணெயும் தந்து, "சிறுத்தைக்காக" என்றான். நம்பிவிட்டான்.

நிறம் கொஞ்சம் வெளிறல். சாயத் தேத்தண்ணி மூன்று தரம் பூசி, எண்ணெய் தேய்த்தேன். இப்போது வீட்டுக்குள் தேத்தண்ணிக்கடை மணம்.

1.11.96, வெள்ளி

அன்பு வந்தான். பெட்டியைத் திறந்தவுடனேயே அவனுக்கு விளங்கிவிட்டது. துவக்கை எடுத்துத் தோளில் வைத்தான்.

"அத்தான், பழசு எனக்குக் கட்டை. ஏழு வருசமாக் கூனிக் கூனித்தான் சுட்டனான். இது சரியா வந்து இருக்கு."

"அதுக்காகத்தானேடாப்பா மாத்தினது! ஹீற்றருக்குப் பழசு வெடிச்சதும் நல்லதாப் போச்சு."

"பழசு எங்கை?"

அவனுக்கு முதல் வேலை கொடுத்த போர்மன், வேலை மேற்பார்வையாளன், ஓய்வு பெறும்போது கொடுத்த துவக்கு. அந்த மனிதன் தன் பெயரின் முதலெழுத்துகளைச் சோங்கில் வெட்டியிருந்தானாம். ஏழு வருடமாக அன்பு அந்த ஆளுக்குக் கிறிஸ்மஸ் கார்ட் போடுகிறானாம். எனக்கு யார் சொன்னது?

கராஜில் பனிக்காலக் கார் ரயர்களுக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்துத் தப்பியிருந்தது. அதற்குப் பக்கத்தில் காய்ந்த சந்தனப் பொட்டு. அதன்மேல் வரி வரியாக ஒரு தடம். அருள்நாயகி அடுப்பில் ஒன்றும் இல்லாமலே குசினிக்குள் ஓடினாள்.

"ஹீற்றராலை வெடிச்சது எண்டோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"உங்கடை ஹீற்றருக்கு எத்தினை ரயர், அத்தான்?"

நான் மேலே பார்த்தேன். அவன் உடைந்த கட்டையைத் தன் ஜக்கெற்றால் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கோபமா, சிரிப்பா? தெரியவில்லை. வாசலில் நின்று சொன்னான்: "திங்கள் விடிய ஐஞ்சு மணிக்கு வாறன், வெளிக்கிட்டு நில்லுங்கோ. என்ரை காரிலை போவம். காரை நான்தான் ஓடுவன்."

2.11.96, சனி

வேட்டைக்குக் காலில் போடத் தடித்த சப்பாத்து வாங்கியாச்சு.

ஹீற்றர் கதை பொய். கொப்பிக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? ஆயுதபூசைக்குக் காரையும் துவக்கையும் கராஜில் ஒன்றாக வைத்துப் படைத்தேன். துவக்கு, கார்ச் சில்லுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தது. நாலு சில்லுக்கும் அடியில் நாலு தேசிக்காய் (எலுமிச்சைதான்) வைத்து, தேவாரம் பாடிக்கொண்டே காரை முன்னுக்கு எடுத்தேன்.

நாலு தேசிக்காய்க்கு ஐந்து சத்தம் கேட்டது.