கேட்காமல் விட்ட முத்திரைகள்

தகாமாட்சு,
ஏப்ரல் 19, ஞாயிறு

அன்புள்ள லீசெலுக்கு,

உன் நானாய், உன் அம்மா, எழுதுவது. மார்ச் எட்டாம் தேதி நீ தொலைபேசியில், அந்த மாதம் பத்தொன்பதாம் தேதி நர்ஸ் படிப்பு முடிக்கிற விழாவில் என் சட்டையில் நர்ஸ் பின் குத்த நீங்கள்தானே வருவீர்கள் என்று கேட்டாய். நான் வேலையை விட்டு நாலு மாதம் ஆகிறது என்று அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. பள்ளியில் விடுப்பு தரமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னேன். விடுப்புக் கேட்க எனக்குப் பள்ளியே இல்லை. நீ "சரி நானாய், அந்தப் பள்ளிக்கூடத்தையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ என் அழைப்பை எடுக்கவில்லை. நான் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் சித்தி பெலென் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், அவளும் நாலு வார்த்தைக்கு மேல் சொல்வதில்லை. அதனால்தான் காகிதம். காகிதத்தை நீ பாதியில் வைத்துவிட்டாலும் மீதி அங்கேயே இருக்கும்.

போன செப்டம்பரில் உனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். அன்றைக்குப் பள்ளி மேலாளர் நிஷிமுராவிடம் ஒரு வாரம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, குரல்கூட உயர்த்தமாட்டார். "உங்க பொண்ணுக்குப் பக்கத்துல சித்தி இருக்காங்க, உங்க வகுப்புக்குப் பக்கத்துல யாரு இருக்கா, சொல்லுங்க" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "உங்க விசா நம்ம பள்ளி பேர்லதானே இருக்கு" என்றார். அவ்வளவுதான். நான் தலை குனிந்து வணங்கிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் காய்கறிப் பெயர்கள் சொல்லிக்கொடுத்தேன். உன் ரத்தத்தில் தட்டணுக்கள் எவ்வளவு என்று பெலென் அனுப்பிய செய்தியை மூன்று வகுப்புக்குப் பிறகுதான் பார்த்தேன். அன்றைக்கு ரயிலில் முடிவு செய்தேன், இனிமேல் என் விசா யார் பேரிலும் இருக்கக்கூடாது, என் பேரிலேயே இருக்க வேண்டும் என்று. அப்படி ஒரு வழி இங்கே உண்டு. ஒரே நிறுவனம் பொறுப்பேற்காமல், பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்து, அந்த ஒப்பந்தங்களையெல்லாம் சேர்த்துக் காட்டி, எனக்கு நானே பொறுப்பு என்று விண்ணப்பிக்கலாம். நவம்பரில் பள்ளியை விட்டேன். வாரத்தில் இரண்டு காலை மழலையர் பள்ளி, ஒரு மாலை கப்பல் பாகங்கள் செய்யும் கம்பெனி, சனிக்கிழமை ஒரு டியூஷன் சென்டர். இவர்கள் மூவரும் ஒப்பந்தம் எழுதித் தந்தார்கள். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், கிடைத்த பிறகு சொல்லலாம் என்றுதான். புது விசா அட்டை கையில் இருக்கும்போது, இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, நினைத்தபோது வருவேன் என்று சொல்ல ஆசைப்பட்டேன்.

ஆனால் அந்த மூன்றின் வருமானமும் சேர்ந்து காகிதத்தில் கொஞ்சம் குறைந்தது. குறைவதை நிரப்பச் செவ்வாய்க்கிழமை வகுப்பு இருந்தது. சமூக மண்டபத்தில் நாலு பெண்களுக்கு ஆறு வருடமாகப் பாடம் எடுக்கிறேனே, உனக்குச் சொல்லியிருக்கிறேன், சலவைக்கடை தொகுனாகா அம்மாவும் அவர் சிநேகிதிகளும். அவர்கள் கட்டணத்தை உறையில் போட்டுத் தருகிறவர்கள், எழுத்து எதுவும் இல்லை. அவர்கள் ஒவ்வொருவரும், இந்த டீச்சரிடம் படிக்கிறோம், இன்னும் ஒரு வருடம் படிப்போம் என்று ஒரு தாளில், இங்கே கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் சொந்த முத்திரையைக் குத்தித் தந்தால் கணக்கில் சேரும். ஜனவரியிலேயே நாலு தாள்களையும் தட்டச்சு செய்து வைத்துவிட்டேன். நூலகப் புத்தகம் ஒன்றுக்குள் வைத்துப் பையில் கொண்டுபோவேன், வகுப்பு முடியும், அவர்கள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்ப்பார்கள், நான் தாள்களை எடுக்காமலே திரும்பி வருவேன். இப்படி மூன்று செவ்வாய்க்கிழமை. புத்தகத்தை இரண்டு முறை புதுப்பித்தேன், படிக்கவே இல்லை. இங்கே ஒருவருடைய முத்திரையைக் கேட்பது சின்ன விஷயம் இல்லை லீசெல். அது அலமாரியின் உள் இழுப்பறையில் இருக்கும், வீடு வாங்க, கல்யாணம் பதிய வெளியே வரும். கேட்டால் அவர்களால் முடியாது என்று சொல்ல முடியாது, முடியாது என்று சொல்ல முடியாதவர்களிடம் கேட்பது மரியாதை இல்லை. பதினொரு வருடத்தில் நான் இதைக் கற்றுக்கொண்டேன், அவர்களைவிட அதிகமாகவே கற்றுக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது. மூன்று ஒப்பந்தங்களை மட்டும் வைத்து விண்ணப்பித்துவிட்டேன்.

பிப்ரவரியில் பழைய அட்டையின் தேதி முடிந்தது. பின்பக்கம் 'விண்ணப்பம் பரிசீலனையில்' என்று குத்தியிருந்ததை வைத்துக்கொண்டு இருந்தேன். மார்ச் ஆறாம் தேதி குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, காட்டிய வருமானம் போதாது, மீதிக்கு ஆதாரத்தைப் பத்தொன்பதாம் தேதிக்குள் கொடுக்கவும் என்று. இரண்டு நாள் கழித்து நீ அதே தேதியைச் சொன்னாய். அந்த நேரத்தில் அந்தக் கடிதம் என் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் இருந்தது.

அப்போதாவது ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். பத்தாம் தேதி வகுப்பிலும் வாயைத் திறக்கவில்லை. பதின்மூன்றாம் தேதி என் ஒரே கோட்டைச் சலவைக்குக் கொண்டுபோனேன், வெறுங்கையோடானாலும் அலுவலகத்துக்குப் போகும்போது ஒழுங்காகப் போகலாம் என்று. அவசரமாக வேண்டும் என்றதும் தொகுனாகா அம்மா கோட்டைப் புரட்டிப் பார்த்து, "யாரு கல்யாணம் டீச்சர்? உங்களுக்கேவா?" என்றார். இல்லை, குடிவரவு அலுவலகம் என்று வாய் தவறி வந்துவிட்டது. அதற்குமேல் அவரிடம் மறைக்க முடியுமா. கவுன்ட்டரில் சாய்ந்து நின்றுகொண்டு முழுவதையும் கறந்துவிட்டார். தாள்கள் எங்கே என்றார், பையிலிருந்து எடுத்தேன். ஓரமெல்லாம் மடங்கிப் போயிருந்தது. தேதியைப் பார்த்தார், ஜனவரி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "போன மாசம் முழுக்க எங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க? எனக்கு ஒரு உதவி செய்வீங்களான்னு இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கறதுன்னு. ஒவ்வொருத்தியையும் எந்திரிச்சு நின்னு சொல்ல வெச்சீங்க. மியோஷிக்கு முட்டி வலி, அவளையும் விடல. உங்களுக்கு மட்டும் அது வராதா?" என்றார். உங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நினைத்தேன் என்றேன். "எங்க வீட்டுக்காரர் நாப்பது வருஷமா இதையே சொல்லிக்கிட்டு வாயைத் திறக்காம இருக்காரு, நீங்களும் அவர் கட்சியா" என்று சொல்லிக்கொண்டே மாடிக்கு ஏறிப் போய் முத்திரையை எடுத்து வந்து, தாளைத் துணி தேய்க்கிற மேசையில் வைத்து அழுத்திக் குத்தினார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் சைக்கிளில் வந்து குத்திவிட்டுப் போனார்கள். மியோஷி அம்மா மட்டும் மகனைப் பார்க்க சப்போரோ போயிருந்தார், பதினெட்டாம் தேதிதான் திரும்புவார். அவர் தாளும் இருந்தால்தான் கணக்குச் சரியாகும். ரயில் நிலையத்திலேயே அவருக்காகக் காத்திருந்தேன். மகன் வீட்டு வேலையாக எடுத்துப்போயிருந்த முத்திரை கைப்பையிலேயே இருந்தது, பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் தாளை விரித்துக் குத்தினார். "ஜனவரில கேட்டிருந்தா வீட்ல டீ போட்டுக் குடுத்துக் குத்தியிருப்பேனே" என்றார், அவ்வளவு சாதாரணமாக.

மார்ச் பத்தொன்பதாம் தேதி காலை நீ வெள்ளைச் சீருடையில் மேடையில் நின்றபோது நான் அலுவலகத்தில் எண் சீட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உன் சித்தி பின் குத்துகிற படம் அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் வந்தது. என் எண்ணைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன், எழுதி வந்ததில் அது சலவைக்கடைக் கதையாகிவிட்டது. நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் அந்தத் தாள்களைக் கொடுத்திருந்தால் கூடுதல் கடிதம் வந்திருக்காது, உன் விழாவில் நான் இருந்திருப்பேன். அந்தப் பொய்யை நிஷிமுராவின் தலையில் போட்டது இன்னும் மோசம், வேலை செய்கிற வரை அவர் செய்தது போதும், விட்ட பிறகும் எனக்குக் காரணமாக அவர் தேவைப்பட்டார். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன், உனக்கு என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நீ கோபமாக இருப்பது சரிதான். கோபத்தைப் பெலெனிடம் காட்டாதே.

போன வியாழக்கிழமை அட்டை வந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதா, கையிலேயே கொண்டுவந்து தருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பெலெனுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறதாம், அவள் மாத்திரையை எண்ணிப் பார், சாப்பிட்டேன் என்று வாயால் சொல்வாள். கொசுவலையில் ஓட்டை இருந்தால் அன்றைக்கே தைத்துவிடு. தேர்வுக்குப் படிக்கிறேன் என்று காலைச் சோற்றை விடாதே. நம் ஊர் ஹாரோ கோயிலில் மாதாவுக்கு எனக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்று. நீ தொடுகிற நோயாளிகள் எல்லோரும் எழுந்து நடக்கட்டும், உன் கை என்றும் நடுங்காமல் இருக்கட்டும், இன்டாய், என் செல்லமே.

என்றும் உன்,
நானாய் ரோவில்லா

பி.கு. இலோய்லோ, மே 4. கையில் கொண்டுவந்தேன். நேற்று மத்தியானம் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வருவதாக உனக்கும் சொல்லவில்லை, பெலெனுக்கும் சொல்லவில்லை. நீ ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதியே தேர்வுப் பயிற்சிக்கு மணிலா போய்விட்டாய் என்று கதவைத் திறந்த பெலென் சொன்னாள். எனக்கு எட்டாம் தேதி திரும்பும் விமானம். இதை இங்கிருந்தே உன் மணிலா விலாசத்துக்குத் தபாலில் போடுகிறேன்.